உதட்டுக் குமிழும் முப்பத்தொரு புறாவும்

மனுஷ டாக்டர் எவரிடமும் தன் வாயைத் திறந்து காட்டப் போவதில்லை என்று என் வீட்டுக்காரர் ஷஹாத்தா சபதம் எடுத்த அன்று, அவர் வாய் ஊதா நிறத்தில் இருந்தது. நாக்கு ஊதா. பல் ஊதா. மீசையின் கீழ் ஓரம்கூட ஊதா. எங்கள் தெரு மாப்பிள்ளை ஒருவரின் வெள்ளை அங்கியில், முதுகுப் பக்கம், ஒரு பெரிய ஊதா மேகம். அதுவும் இவர் வாயிலிருந்து போனதுதான்.

அப்போது நாங்கள் ஷுப்ரா என்கிற நெரிசலான பேட்டையில் இருந்தோம். ஐந்து மாடிக்கு மேலே மொட்டைமாடியில் ஒற்றை அறை. அறைக்குப் பக்கத்தில் துணி காயப்போடும் கொடி. கொடிக்குப் பக்கத்தில் கோபுரம் மாதிரி உயரமாக இவருடைய மரப் புறாக்கூண்டு. எங்கள் அறையைவிட அதற்குத்தான் ஜன்னல் அதிகம். என் மகள் நோஸாவுக்கு எட்டு மாதம். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த மாடியும் இல்லை, கூண்டும் இல்லை. நினைத்தால் எனக்கு இன்னும் அந்தத் தானிய வாசனை வருகிறது.

இவருக்கு வேலை கீழே தெருமுனை இஸ்திரிக் கடையில். எல்லாக் கடையிலும் தண்ணீர் தெளிக்கப் பிளாஸ்டிக் குப்பி வந்துவிட்டது. இவர் மட்டும் பழைய ஆட்கள் மாதிரி வாயில் தண்ணீரை வைத்து, உதட்டைக் குவித்து, 'ப்ஸ்ஸ்ஸ்' என்று பனி மாதிரி ஊதுவார். "குப்பி தண்ணிய ஊத்தும். என் உதடு தண்ணியத் தூவும்" என்பார்.

சாயங்காலம் அதே உதட்டுக்கு இரண்டாவது வேலை. முப்பத்தொரு புறாக்களையும் திறந்துவிடுவார். கம்பில் கட்டின சிவப்புத் துணியை ஆட்டிக் கூட்டத்தை மேலே ஏற்றுவார். அவை சுற்றிச் சுற்றி வந்து களைத்ததும், கீழுதட்டை உள்ளே மடித்து மேல்பல்லால் கவ்விக்கொண்டு ஒரு விசில். இரண்டு நீளம், கடைசியில் ஒரு வளைவு. வானத்தில் போகிற கூட்டம் அப்படியே திரும்பி எங்கள் மாடியில் கொட்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இவரிடம் நான் அதைச் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் பத்துப் புறா வாங்கிவிடுவார்.

அந்த உதட்டில்தான் குமிழ் வந்தது.

ஒரு நாள் தர்பூசணி விதையைப் பல்லால் உடைத்துத் தின்றுகொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"நோஸா அம்மா, இங்க வா. என் உதட்டுக்குள்ள ஏதோ உருளுது. பாரு."

பார்த்தேன். கீழுதட்டின் உட்புறம், ஒரு கொண்டைக்கடலை அளவு. தோல் உரித்த திராட்சை மாதிரி வழவழவென்று, லேசாக நீலம் ஓடியிருந்தது.

"வலிக்குதாங்க?"

"வலி இல்ல. ஆனா வழியில நிக்குது. விசிலுக்கு உதட்ட மடிச்சா இது முன்னாடி வந்து நிக்குது, வாசல்ல மாமியார் மாதிரி."

"டாக்டர்கிட்ட காட்டலாம்."

"எதுக்கு? இது என்னன்னு எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரிந்தது இதுதான். புறாவுக்கு வாய்க்குள் ஒரு நோய் வரும். கட்டி கட்டியாக வரும். புறா வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். இவர் குஞ்சுகளுக்குப் பயறை மென்று, தன் வாயிலிருந்தே அதன் அலகுக்குள் ஊட்டுகிறவர். எனக்கு ஒரு நாள்கூட ஊட்டிவிட்டதில்லை, அது வேறு விஷயம். ஆகவே, 'குஞ்சுகிட்டேருந்து எனக்கு ஒட்டிக்கிச்சு.' தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனார். அங்கே புறாக்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒருவர் உண்டு. அவர் இவருடைய தாடையைப் பிடித்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, அலகைத் திறக்கிற மாதிரியே வாயைத் திறந்து பார்த்தாராம். ஒரு சீசாவில் ஊதா மருந்து கொடுத்தாராம்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவையாம்?" என்று கேட்டேன்.

"புறாவுக்கு ரெண்டு சொட்டு. நான் புறாவ விட எத்தனை மடங்கு எடைன்னு கணக்குப் போட்டுக்கிட்டேன்."

கணக்கு எங்கே போய் முடிந்தது என்றால், மறுநாள் காலை மருந்தை வாய் நிறையக் கொப்பளித்துவிட்டுக் கடைக்குப் போனார். அன்று கல்யாணம். மாப்பிள்ளையின் வெள்ளை அங்கி மேசைமேல் விரித்திருந்தது. இவர் ஒரு வாய் தண்ணீர் எடுத்தார். உதட்டைக் குவித்தார். ப்ஸ்ஸ்ஸ்.

அந்த மாப்பிள்ளை முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே கல்யாணம் முடித்தார். மாப்பிள்ளைக்குக் கூச்சம் அதிகம் என்று பெண்வீட்டார் பேசிக்கொண்டார்களாம்.

அன்றுதான் அந்தச் சபதம். "மனுஷ டாக்டர் எவனும் என் வாயப் பாக்கப் போறதில்ல! பாரு, புறா மருந்துலயே உடைஞ்சு போச்சு!" உண்மையாகவே குமிழ் உடைந்திருந்தது. வழவழவென்று ஏதோ வந்ததாம், துப்பிவிட்டாராம். உதடு தட்டையாகிவிட்டது. கண்ணாடியை விட்டு நகரவில்லை. தெருவில் பல் வலி என்று சொன்னவனுக்கெல்லாம் ஊதா மருந்தைச் சிபாரிசு செய்தார்.

இரண்டு வாரம். குமிழ் திரும்பி வந்தது. முன்னைவிடப் பெரிதாக.

இந்தத் தடவை ஊசியைத் தீயில் காட்டிக் குத்தினார். வற்றியது. "முடிஞ்சுது!" என்றார். பத்து நாளில் வந்தது. மறுபடி குத்தினார். மறுபடி வந்தது. வருகிறபோதெல்லாம் மூட்டை கூடிக்கொண்டே போகிற சொந்தக்காரர் மாதிரி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடவே கொண்டுவந்தது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம், கீழ்வீட்டு உம்மு ஸாபிர் அக்கா. எங்கள் மொட்டைமாடியில்தான் அவர் வாத்து வளர்த்தார். தினமும் தீனியோடு ஏறி வருவார். தீனி வாத்துக்கு, பேச்சு எனக்கு.

"என் அத்தை புருஷனுக்கும் இப்படித்தான்டி வாயில வந்துச்சு" என்றார்.

"அப்புறம் என்னாச்சு அக்கா?"

"அப்புறம் என்ன. அத்தை துக்கக் கறுப்பு உடுத்திக்கிட்டா."

கையில் நோஸாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஃபூல் பருப்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. இவர் அதையும் ஒரு பக்க வாயாலேயே சாப்பிட்டார். சாயங்காலம் துணிந்து கேட்டுவிட்டேன்.

"ஏங்க, ஒரே ஒரு தடவ டாக்டர்கிட்ட போய் வந்துடலாம். எனக்காக இல்லன்னாலும் இவளுக்காக."

அவர் முகம் மாறியது. கூண்டைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "புள்ளே, உனக்குப் புரியல. டாக்டர் கத்தி வப்பான். கத்தி வச்சா தையல் போடுவான். தையல் போட்டா ரெண்டு வாரம் விசில் கிடையாது. விசில் இல்லன்னா என் புறா எங்க இறங்கும்?"

எதிர் மாடியைக் காட்டினார். அங்கே ஹாஜி பயூமி தன்னுடைய கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துச் சட்டம் அது. அடுத்தவர் மாடியில் இறங்கின புறா அடுத்தவருக்கே. கேட்கவும் கூடாது, அழவும் கூடாது.

"திறந்துவிடாம கூண்டுலயே வச்சிருந்தா?"

"ரெண்டு வாரம் பறக்காத புறா, மூணாவது வாரம் திறந்தா அது போற இடம் எனக்கே தெரியாது."

அதற்குள் உம்மு ஸாபிர் அக்கா வாத்துக்கூண்டுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"டேய் ஷஹாத்தா, அதுங்களுக்கு உன் விசில்தான் தாய்ப்பாலா? நீ இல்லாட்டியும் வயிறு பசிச்சா வீட்டுக்கு வராதா?"

"வராது!"

"வரும்டா."

"அக்கா! என் விசில் இல்லாம என் புறா இந்த மாடியில இறங்கிடுச்சுன்னா, மறுநாளே நான் டாக்டர்கிட்ட போறேன். போகலன்னா என் மேல தலாக்!"

சொன்னபடி செய்யாவிட்டால் மனைவி விலக்கானாள் என்கிற இந்தச் சத்தியம் எங்கள் ஆண்பிள்ளைகளுக்குச் சட்டைப்பையிலேயே இருக்கும். டீயில் சர்க்கரை போதும் என்பதற்கும் தலாக். வழிவிடு என்று வண்டிக்காரனிடம் சண்டை போடவும் தலாக். பாதிப் பேர் எப்படி இன்னும் கல்யாணமாகியிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

உம்மு ஸாபிர் அக்கா தீனிச் சட்டியைக் கீழே வைத்தார். "கேட்டியா நோஸா அம்மா? நான் சாட்சி." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

ஏன் சிமிட்டினார் என்றால், அவருக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும்.

நான் சத்தம் போடுகிறவள் இல்லை. காய்கறிக்காரர் வந்தால் மற்ற பெண்கள் பால்கனியிலிருந்து தெருவே அதிரக் கூப்பிடுவார்கள். நான் கயிற்றில் கூடையை இறக்கிவிட்டு, அவர் தலையில் படும்வரை ஆட்டுவேன். ஆனால் நோஸா இவருடைய விசிலுக்குத்தான் தூங்குவாள். சாயங்காலம் சரி. பகலில் இவர் கடையில். பல் முளைக்கிற நேரம் வேறு, பிள்ளை கத்திக் கத்திக் குரல் கம்மிவிடும். தாலாட்டிப் பார்த்தேன். என் தாலாட்டுக்கு இன்னும் கத்தினாள். கடைசியில், ஈரத் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாயில் இரண்டு விரலை வைத்து ஊதிப் பழகினேன். முதல் மாதம் வெறும் காற்று. இரண்டாவது மாதம் கொதிக்கிற கெட்டில். மூன்றாவது மாதம், இரண்டு நீளம், கடைசியில் ஒரு வளைவு. நோஸா கண்ணை மூடினாள். துண்டை எடுத்துப் பார்த்தால் எதிரே உம்மு ஸாபிர் அக்கா, இடுப்பில் வாத்தோடு.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. பொம்பள மாடியில விசில் அடிச்சான்னு தெரிஞ்சா மானம் போயிடும்."

"நான் ஏன் சொல்றேன்? என் வாத்தே மயங்கிப்போச்சு, பாரு."

இதுதான் கண் சிமிட்டினதற்குக் காரணம்.

மறுநாள் சாயங்காலம் வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் துவைத்தேன். சுத்தமானதையும் சேர்த்துத் துவைத்தேன். கொடி முழுக்கப் படுக்கை விரிப்பு. அதற்குப் பின்னால் நான், வாயில் துணிக் கிளிப்.

இவர் கூட்டத்தை மேலே ஏற்றினார். ஹாஜி பயூமியும் தன் கூட்டத்தை ஏற்றினார். இரண்டு கூட்டமும் வானத்தில் ஒன்றாகக் கலந்தன. இவர் உதட்டை மடித்தார். குமிழ் வழியில் நின்றது. ஊதினார். "ஃபூ." இன்னொரு தடவை. "ஃப்பூ." எச்சில் மட்டும் பறந்தது. கூட்டம் ஒரு வட்டம் அடித்தது. அடுத்த வட்டம் எதிர் மாடிப் பக்கம் சாய்ந்தது. முன்னால் போகிற வெள்ளைவால் பெட்டை, இவர் உயிர், ஹாஜி பயூமியின் தலைக்கு மேல் இறக்கையைத் தளர்த்திவிட்டது. ஹாஜி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

இவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "போச்சு!" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கிளிப்பைத் துப்பினேன். விரிப்புக்குப் பின்னால் குனிந்து, விரலை வாயில் வைத்தேன்.

இரண்டு நீளம். ஒரு வளைவு.

வெள்ளைவால் காற்றிலேயே சறுக்கித் திரும்பியது. பின்னால் முப்பதும் திரும்பின. எங்கள் மாடியில் கல்மழை மாதிரி இறங்கின.

இவர் உறைந்து நின்றார். "யாரு? யாரு விசில் அடிச்சது?"

நான் ஒரு காலுறையை மிகவும் கவனமாகக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நீதானேடா ஊதின?" என்றார் உம்மு ஸாபிர் அக்கா.

"நானா? ஆமா, ஊதினேன். உதட்டுக் கட்டியால சத்தம் கொஞ்சம் லேட்டா வருதோ?"

"எங்க, இன்னொரு தடவ ஊதுடா."

"ஃபூ."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னுது இல்ல. உன்னுதுன்னா என் முகம் முன்னாடியே நனைஞ்சிருக்கும்."

"அப்ப ஹாஜிதான் மாத்தி ஊதியிருப்பாரு. எனக்கு வச்ச குழியில அவரே விழுந்துட்டாரு!" இவர் குதித்தார். அப்புறம் குதிப்பதை நிறுத்தினார். சத்தியம் நினைவுக்கு வந்துவிட்டது.

"யாரு ஊதினா என்னடா" என்றார் அக்கா. "உன் விசில் இல்லாம புறா இறங்கிடுச்சு. நாளைக்கு டாக்டர். இல்லன்னா இந்தப் பொண்ணும் குழந்தையும் என் வீட்டுக்கு."

பல் டாக்டர் ஒரு பெண். டாக்டர் இஜ்லால். சிரித்த முகம். இவர் நாற்காலியில் படுத்ததும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார்.

"வாயத் திறங்க."

"ம்ம்ம்."

"சத்தியம்" என்றேன் மெதுவாக. திறந்தார்.

டாக்டரம்மா உதட்டை மடித்துப் பார்த்தார். குமிழை விரலால் அழுத்திப் பார்த்தார். வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"வலி இருக்கா?"

"இல்ல."

"உடையும், வத்தும், திரும்பி வரும். அப்படித்தானே?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னாலேயே வந்து சொல்லிவிட்டேன் என்று நினைத்தாராம்.

"உதட்டக் கடிக்கிற பழக்கம் உண்டா?"

"எனக்கா? சே, சே."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "விசில் அடிக்கிறப்போ மட்டும், டாக்டரம்மா."

"எப்படி அடிப்பீங்க? காட்டுங்க."

காட்டினார். கீழுதடு உள்ளே. மேல்பல் அதன் மேல். டாக்டரம்மா கண்ணாடிக் குச்சியால் அந்தப் பல்லைத் தொட்டார். ஓரத்தில் உடைந்திருந்தது. எத்தனை வருஷம் விதை உடைத்த பல்!

"இதோ, இதுதான் குற்றவாளி. உதட்டுக்குள்ள எச்சில் சுரக்கிற குட்டிக் குட்டிப் பை நிறைய இருக்கு. ஒவ்வொன்னுக்கும் மயிரிழை மாதிரி ஒரு வாய்க்கால். நீங்க தினமும் இந்தக் கூர்ப்பல்லால ஒரே இடத்தக் கவ்விக் கவ்வி ஒரு வாய்க்கால நசுக்கிட்டீங்க. எச்சில் வெளிய வர வழியில்லாம உள்ளேயே தேங்கிக் குமிழா நிக்குது. ஊசியால குத்தினா தேங்கினது மட்டும் போகும். பை இருக்குற வரைக்கும் திரும்ப நிறையும்."

இவர் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப இது புறா நோய் இல்லையா?"

"புறா நோயா? இல்ல."

அவர் முகம் வாடிவிட்டது. புறாவும் தானும் ஒரே நோய்க்காரர்கள் என்று இருந்தவர் அல்லவா.

"பெரிய வியாதியா இருக்குமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்குக் கேட்டது.

"பாத்தா அப்படித் தெரியலம்மா. கீழுதடு, வலி இல்ல, வந்து வந்து போகுது, எல்லாம் சாதாரணக் குமிழோட லட்சணம். இருந்தாலும் எடுத்தத சோதனைக்கு அனுப்பிடுவேன். ஒரு வாரத்துல தெரிஞ்சிடும். பையோட சேத்து எடுத்துட்டா திரும்ப வர்றது குறைவு."

ஊசியைப் பார்த்ததும் இவர் என் கையைப் பிடித்தார். மரத்துப்போகிற ஊசி. என் கை மரத்துப்போகிற மாதிரி பிடித்தார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சின்னக் கீறல், மூன்று தையல். ஒரு பாசிமணி அளவு சதையைப் புட்டியில் போட்டார்கள். அந்தப் பல்லின் ஓரத்தையும் தேய்த்து வழவழப்பாக்கினார் டாக்டரம்மா.

"ரெண்டு வாரம் விசில் கூடாது. விதை உடைக்கக் கூடாது. இஸ்திரிக்கு வாயால ஊதக் கூடாது. சூடு, காரம் வேணாம். உப்புத் தண்ணியில மெதுவா கொப்பளிங்க. அப்புறமும் உதட்டக் கடிச்சு அடிக்கிற அந்த விசில் இனிமே எப்பவும் வேணாம். வேற மாதிரி அடிக்கப் பழகுங்க."

வெளியே வந்ததும் வீங்கின உதட்டோடு கேட்டார். "வேற மாதிரின்னா எப்படி?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது. கடையில் பிளாஸ்டிக் குப்பி வந்தது. வீட்டில் ஆறின பருப்புச் சூப்பு. உம்மு ஸாபிர் அக்கா உடம்பு தேற என்று ஒரு சட்டி கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் புறா சூப்பு. இவர் சட்டியை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடிக் கூண்டை எண்ணினார். முப்பத்தொன்று. அப்புறம்தான் திரும்பி வந்தார். அப்போதும் குடிக்கவில்லை. நான் குடித்தேன்.

சாயங்காலம் ஆனால் நான் துவைப்பேன். தினமும். இவர் கூட்டத்தை ஏற்றுவார், கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். விரிப்புக்குப் பின்னாலிருந்து விசில் வரும். கூட்டம் இறங்கும். இவர் இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்திருந்தார்.

"இத்தன வருஷமா நான் அடிச்ச விசில் அதுங்க காதுலயே தங்கிப்போச்சு. நேரமானா தானாவே உள்ளுக்குள்ள கேக்குது."

"எனக்கும் கேக்குதேங்க."

"நீயும் இங்கேயேதானே இருக்க. உன் காதுலயும் தங்கிருக்கும்."

இதைக் காபிக்கடையிலும் போய்ச் சொன்னார். இன்னொரு அதிசயமும் நடந்தது. ஒரு நாள் எண்ணினால் முப்பத்துமூன்று. அப்புறம் முப்பத்தைந்து. அப்புறம் முப்பத்தேழு. ஹாஜி பயூமியின் கூட்டத்திலிருந்து ஆறு புறா எங்கள் பக்கம் வந்துவிட்டது.

ஹாஜி ஒரு பை ஆரஞ்சோடு உடம்பு விசாரிக்க வந்தார்.

"ஷஹாத்தா, உன் உதடு எப்ப சரியாகும்?"

"ஏன் ஹாஜி?"

"சீக்கிரம் சரியாகணும்னு அஞ்சு வேளையும் வேண்டிக்கிறேன். உனக்கு வாய் நல்லா இருந்த வரைக்கும் என் புறா என்கிட்டதான் இருந்துச்சு." அப்படிச் சொல்லிவிட்டுக் கொடியைப் பார்த்தார். "உன் வீட்டுல துணி நிறையத் துவைக்கிறீங்க."

"என் பொண்டாட்டிக்குச் சுத்தம் அதிகம்" என்றார் இவர், பெருமையாக.

தையல் பிரித்த அன்று சோதனைச் சீட்டும் வந்தது. டாக்டரம்மா படித்தார். வெறும் எச்சில் பைதான், வேறு ஒன்றுமில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து நோஸாவின் தலையில் முகத்தை வைத்து அழுதேன். இவர் பதறிப்போய், "நல்ல சேதிதானே புள்ளே, அதுக்கு ஏன் அழுவுற?" என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு முன்னால் அவர் தூக்கினதில்லை.

இரண்டு வாரம் முடிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம். புது உதட்டை அரங்கேற்ற மாடிக்கு விருந்தாளிகளைக் கூப்பிட்டிருந்தார். ஹாஜி பயூமி, காபிக்கடை ஆட்கள் மூன்று பேர், வாத்துகளோடு உம்மு ஸாபிர் அக்கா. விருந்தாளி வருகிறார்களே என்று நான் அன்று துவைக்கவில்லை. கொடி காலி. நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

கூட்டம் மேலே ஏறியது. டாக்டரம்மா சொன்னபடி இவர் உதட்டைக் கடிக்காமல் குவித்து ஊதினார். சத்தம் என்னவோ வந்தது. மெல்லிசாக, கல்யாண வீட்டில் தொலைந்துபோன குழந்தை மாதிரி. கூட்டம் சுற்றியது. மறுபடி ஊதினார். கூட்டம் காலிக் கொடிக்கு மேலேயே வட்டமடித்தது. எதையோ தேடுகிற மாதிரி.

"புது உதடுல்ல" என்றார் இவர். "அதுங்களுக்கு இன்னும் பழகல."

ஆறு தடவை ஊதினார். ஹாஜி பயூமி தாடியைத் தடவினார். காபிக்கடை ஆட்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவர் பிடரியில் வியர்வை. அந்த நேரம் பார்த்து உள்ளே நோஸாவுக்குப் பல் குத்தியது. கத்தினாள். என் இடது கையில் டீத்தட்டு, இடுப்பில் பிள்ளை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. வலது கை தன்னால் வாய்க்குப் போனது.

இரண்டு நீளம். ஒரு வளைவு.

முப்பத்தேழு புறாவும் என் அறை வாசலில் வந்து விழுந்தன. வெள்ளைவால் டீத்தட்டின் மேலேயே உட்கார்ந்தது. சர்க்கரையைக் கொத்தியது.

நான் நிலைப்படியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், விரல் இன்னும் வாயில். இவர் முகம் மெதுவாக ஊதாவானது. இந்தத் தடவை மருந்தே இல்லாமல்.

ஹாஜி பயூமிதான் முதலில் பேசினார். "அல்லாஹ்! துவைச்சதெல்லாம் இதுக்குத்தானா!"

இவர் தொண்டையைச் செருமினார். நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் கத்துக்கொடுத்தேன்" என்றார்.

"அப்படியா? அப்ப உனக்கும் கத்துக்கொடுக்கச் சொல்லு" என்றார் ஹாஜி.

ஹாஜியும் காபிக்கடை ஆட்களும் போன பிறகு இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்போ நான் பண்ணின சத்தியம்?"

வாத்துக்கூண்டுப் பக்கமிருந்து பதில் வந்தது. "உன் விசில் இல்லாமன்னுதானேடா சொன்ன? இது அவ விசில். சத்தியம் சரியாத்தான் இருக்கு, போய்த் தூங்கு."

அக்கா படி இறங்குகிறவரை இவர் காத்திருந்தார். பிறகு குரலைத் தணித்து, யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுக் கேட்டார். "அந்தக் கடைசி வளைவு. அத எப்படி அடிக்கிற?"

நான் கிளிப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நாளைக்குச் சொல்றேங்க. முதல்ல துணி காயப்போடப் பழகுங்க."

இதெல்லாம் ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது புது ஊரில் நாலாவது மாடி வீடு. புறாக்களை ஹாஜி பயூமியிடமே விட்டுவிட்டு வந்தோம், அவர் அழுதுவிட்டார். இங்கே மாடியில் டிஷ் தட்டுகள்தான் இருக்கின்றன. குமிழ் அப்புறம் வரவில்லை. சாயங்காலம் பால்கனியில் நின்றால் யாருடையதோ புறா ஒன்றிரண்டு போகும். நான் மெதுவாக ஒரு தடவை ஊதுவேன், அவை திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிற இவரும் ஒரு கையால் உதட்டைத் தடவிக்கொண்டு ஊதிப் பார்ப்பார்.

வளைவு அவருக்கு இன்னும் வரவில்லை. துணி மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் காயப்போடுகிறார்.